இளைத்த கையும் பருத்த நரம்பும்

இயக்க நரம்பு நோய்களைப் பிரித்தறியக் கேளா ஒலி உதவும் விதம்

நாற்பது வயதுள்ள ஒரு தச்சரை மனத்தில் எண்ணிக் கொள்வோம். ஓராண்டுக்கு முன் திருப்புளியைத் திருகும்போது வலக்கைப் பெருவிரல் வலுவிழந்திருப்பதை அவர் முதன்முதலாக உணர்ந்தார். சில மாதங்களில் சட்டைப் பொத்தானைப் போடுவதற்கு இடக்கையின் துணையை நாட வேண்டியதாயிற்று. இப்போது பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே இருந்த சதை வற்றிப் பள்ளம் விழுந்திருக்கிறது. முன்கையின் தோலுக்கு அடியில் சதை அவ்வப்போது புழு நெளிவதுபோல் துடிக்கிறது. ஆனால் வலி இல்லை, மரமரப்பு இல்லை, சூடும் குளிர்ச்சியும் முன்போலவே தெரிகின்றன.

இத்தகைய கையைக் கண்டதும் மருத்துவர் மனத்தில் முதலில் எழுவது ஓர் அச்சந்தரும் பெயர். அப்பெயரைக் கேட்டுவிட்டு வீடு திரும்பும் தொழிலாளி, இனி நமக்கு உளியும் வாளும் எதற்கு என்று அவற்றை விற்றுவிடுவதும், குடும்பத்தார் இருக்கிற நிலத்தை அடகு வைத்துக் கண்டவிடத்தும் மருந்து தேடி அலைவதும் நடக்கக் கூடியவையே. ஆனால் அதே தோற்றமுடைய கைக்கு மற்றொரு காரணமும் இருக்கக் கூடும். அது மிக அரிதானது. எனினும் சிகிச்சைக்கு இணங்குவது. இவ்விரண்டில் எது என்பதைப் பிரித்தறியும் முயற்சியில், வயிற்றிலுள்ள சிசுவைக் காண்பதற்கு நாம் பழகியுள்ள அந்த ஸ்கேன் கருவியே அண்மைக் காலத்தில் ஒரு புதிய துணையாக வந்து சேர்ந்திருக்கிறது. அது செய்வது யாது, செய்ய மாட்டாதது யாது என்பதைக் கிராமங்களில் பணிபுரிவோரும் ஆசிரியர்களும் அறிந்திருத்தல் பயனுடையது.

இரண்டு நோய்கள், ஒரே கை

நாம் விரலை மடக்க எண்ணும்போது மூளையின் மேற்பரப்பிலுள்ள நரம்பணுக்களிலிருந்து கட்டளை புறப்பட்டுத் தண்டுவடத்துக்கு இறங்குகிறது. அங்கே வேறொரு நரம்பணு அதனைப் பெற்று, தன்னிடமிருந்து புறப்படும் நீண்ட இழையின் வழியே தசைக்குச் சேர்ப்பிக்கிறது. பாதத்தின் சிறு தசைகளுக்குச் செல்லும் இழை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளமுடையது. அதன் பருமனோ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்கே. மின்கம்பியின் மேல் ரப்பர் உறை இருப்பதுபோல் இவ்விழையின் மேல் மயலின் என்னும் கொழுப்புறை சுற்றப்பட்டிருக்கிறது. இத்தகைய ஆயிரக்கணக்கான இழைகள் கற்றைகளாகக் கட்டப்பட்டு நரம்பு என்னும் வடமாகின்றன. அதே வடத்தில் தொடுவுணர்ச்சியை மேலே கொண்டு செல்லும் இழைகளும் உடன் செல்கின்றன. உண்மையில் கையின் பெரிய நரம்புகளில் இயக்க இழைகளைவிட உணர்வு இழைகளே தொகையில் மிகுதி. இந்தச் சிறு விவரத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம். பின்னர் இது நமக்கு வேண்டியிருக்கும்.

முதல் நோய், நரம்பணுவே மடிவதால் உண்டாவது. மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள இயக்க நரம்பணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக அழிகின்றன. பிரெஞ்சு மருத்துவர் ஷார்க்கோ 1869 முதல் இதனை ஆராய்ந்து, 1874-இல் இதற்கு இன்றும் வழங்கும் பெயரை இட்டார். அந்த நீண்ட பெயரைச் சுருக்கி ஏ. எல். எஸ். என்கிறார்கள். கையிலோ காலிலோ நாவிலோ தொடங்கி, இறுதியில் மூச்சுத் தசைகளை எட்டும் நோய் இது. தொடக்கத்திலிருந்து இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளே பெரும்பாலோர் உயிர் வாழ்கின்றனர். 1963-இல் இந்நோய் கண்டறியப்பட்ட பௌதிக மேதை ஸ்டீபன் ஹாக்கிங் 2018 வரை வாழ்ந்தது மிகவும் விதிவிலக்கான நிகழ்ச்சி. 1995-இல் வழக்கத்துக்கு வந்த ரிலுஸோல் என்னும் மருந்து ஆயுளைச் சில மாதங்கள் நீட்டிக்கிறது, குணப்படுத்துவதில்லை.

இரண்டாவது நோயில் நரம்பணு நலமாகவே இருக்கிறது, வடத்தில்தான் பழுது. உடலின் தற்காப்பு அமைப்பு ஏதோ காரணத்தால் தன் சொந்த இயக்க இழைகளையே பகையெனக் கருதி அங்கங்கே தாக்குகிறது. தாக்கப்பட்ட இடத்தில் மின்துடிப்பு நின்றுவிடுகிறது. சாலை முழுவதும் நன்றாயிருந்து ஒரே ஒரு பாலம் இடிந்தால் வண்டி ஊர்போய்ச் சேராததைப் போல, தசைக்குக் கட்டளை வந்து சேர்வதில்லை. 1980-களில்தான் இது தனி நோயென அடையாளம் காணப்பட்டது. மருத்துவர்கள் இதனை எம். எம். என். எனச் சுருக்கி அழைப்பர்; இயக்க நரம்பைப் பலவிடங்களில் தாக்கும் நோய் என்பது பெயரின் பொருள். நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப் பேரின் ரத்தத்தில் ஜி. எம். 1 என்னும் நரம்புக் கொழுப்புப் பொருளைத் தாக்கும் எதிர்ப்பொருள் காணப்படுகிறது. நெதர்லாந்து நாட்டில் எடுக்கப்பட்ட ஒரு கணக்கின்படி லட்சம் பேருக்கு ஒருவர்கூட இல்லை, 0.6 பேரே. ஆனால் ஆயிரக்கணக்கானோர் தானமாக அளித்த ரத்தத்தின் தெளிநீரிலிருந்து பிரித்தெடுக்கப்படும் இம்யூனோகுளோபுலினை நாளத்தில் செலுத்தினால், அந்நாட்டு நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கைவலு கூடியது. மருந்து விலையுயர்ந்தது, திரும்பத் திரும்பச் செலுத்த வேண்டியது. எனினும் ஒரு தச்சர் மீண்டும் இழைப்புளியைப் பிடிக்கிறார் என்பது சிறிய செய்தியன்று.

காலம் கடந்தால் இந்தப் பலனும் குறைகிறது. தடைப்பட்ட இழை நாளடைவில் தானும் அழுகிவிடும்; அழிந்த இழையை எம்மருந்தாலும் மீட்க இயலாது. மேலும், இதையொத்த பிற நரம்பழற்சிகளுக்குக் கொடுக்கும் ஸ்டெராய்டு மருந்து இந்நோயை அதிகப்படுத்தவும் கூடும். ஆகவே “ஏதோ நரம்பு வீக்கம், எதற்கும் இதைக் கொடுத்துப் பார்ப்போம்” என்ற முறை இங்கே செல்லாது. நோயின் பெயரைச் சரியாக அறிந்தே தீர வேண்டும்.

மின்சோதனை எட்டாத இடம்

தேர்ந்த நரம்பியல் மருத்துவர் கைவிரலாலும் சிறு சுத்தியாலுமே பாதி தூரம் சென்றுவிடுகிறார். சூம்பிய கையில் தசைநாரைத் தட்டினால் கை முன்னிலும் வேகமாகத் துள்ளுகிறதா? அப்படியானால் மூளையிலிருந்து இறங்கும் பாதையும் கெட்டிருக்கிறது, ஐயம் ஏ. எல். எஸ். பக்கம் சாய்கிறது. பெருவிரல் பக்கத்துச் சதைமேடு வற்றி, சுண்டுவிரல் பக்கத்து மேடு ஓரளவு தப்பியிருந்தால், அதுவும் அந்நோயின் குறிப்பே. மாறாக, ஒரு குறிப்பிட்ட நரம்பு ஆளும் தசைகள் மட்டும் வலுவிழந்து, அதன் அருகிலேயே வேறு நரம்பு ஆளும் தசைகள் நலமாயிருந்தால் பழுது வடத்தில் என்று கருத இடமுண்டு. எம். எம். என். நோயில் மற்றொரு விசித்திரம் உண்டு. சதை அவ்வளவாக வற்றாதபோதே வலு மிகவும் குறைந்திருக்கும். கட்டளை வராமையால் தசை வேலைநிறுத்தம் செய்கிறதேயன்றி இன்னும் மடியவில்லை.

அடுத்தது மின்சோதனை. நரம்பை ஓரிடத்தில் மின்சாரத்தால் தூண்டி, தசையில் எழும் துடிப்பைப் பதிவு செய்கிறார்கள். மணிக்கட்டில் தூண்டினால் முழு அளவில் எழும் துடிப்பு, முழங்கையில் தூண்டும்போது பாதியாகக் குறைந்தால், இரண்டுக்கும் இடையே கடத்தல் தடை இருக்கிறது என்று அறியலாம். இச்சோதனையின் மதிப்பு இன்றும் குறையவில்லை. ஆனால் தடை அக்குளுக்கு மேலே, கழுத்தடியில் நரம்புகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் இடத்தில் இருந்துவிட்டால் அதனை எட்டிப் பிடிப்பது கடினம். அங்கே நரம்பு ஆழத்தில் இருக்கிறது. மின்தூண்டல் போதிய அளவு சேராது. சேர்ந்ததா என்ற உறுதியும் கிடைக்காது. சிகிச்சைக்கு இணங்கக் கூடிய சிலர் இவ்வாறு சோதனையில் நழுவிப் போயினர். இந்த இடைவெளியில்தான் கேளா ஒலி வந்து நிற்கிறது.

எதிரொலியால் வரையும் படம்

மனிதச் செவி ஸெகண்டுக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலியை உணராது. நரம்பைக் காணப் பயன்படும் ஒலியோ ஸெகண்டுக்கு ஒன்றரைக் கோடி அதிர்வுகளும் அதற்கு மேலும் உடையது. 1880-இல் பியர் கியூரியும் அவர் தமையனார் ஜாக் கியூரியும் சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறப்பதைக் கண்டனர். அதன் மறுதலையாக மின்சாரத்தைச் செலுத்தினால் படிகம் அதிர்ந்து ஒலியெழுப்பும். முதல் உலகப் போரில் லாஞ்செவின் இதனை நீர்மூழ்கிக் கப்பலைத் தேடப் பயன்படுத்த முயன்றார். பின்னர் இரும்புத் தகடுகளின் உள்ளே வெடிப்புண்டா என்று பார்க்கும் கருவியாக அது தொழிற்சாலைகளில் புகுந்தது. கிளாஸ்கோ நகரின் மருத்துவர் அயன் டொனால்டு அக்கருவியை மனித வயிற்றின் மேல் வைத்துப் பார்த்துத் தம் முடிவுகளை 1958-இல் வெளியிட்டார். கைகால்களின் நரம்புகளை இவ்வாறு காணலாம் என்பதை பிரெஞ்சு மருத்துவர் ஃபோர்னாஜ் 1988-இல் விரிவாக எடுத்துக் காட்டினார். இடையில் முப்பது ஆண்டுகள் கழிந்ததற்குக் காரணம் எளியது; அன்றைய கருவியின் கண்ணுக்கு நரம்பு மிகச் சிறிய பொருள்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் ஒரு கணக்காகவே போட்டுக் காட்டலாம். மென்தசையில் ஒலி ஸெகண்டுக்குச் சுமார் 1,540 மீட்டர் செல்கிறது. அனுப்பிய ஒலி ஸெகண்டின் பத்து லட்சத்தில் 26 பங்கு நேரத்தில் எதிரொலியாகத் திரும்பினால், அது போய்வந்த தூரம் 4 செண்டிமீட்டர். எனவே எதிரொலித்த பொருள் 2 செண்டிமீட்டர் ஆழத்தில் உள்ளது. அதே வேகத்தை ஒன்றரைக் கோடி அதிர்வால் வகுத்தால் அலைநீளம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு எனக் கிடைக்கும். அலைநீளம் சிறுக்கச் சிறுக்கப் படத்தின் நுட்பம் கூடும். ஆனால் ஒலி விரைவில் தேய்ந்து போவதால் ஆழம் குறையும். கையின் நரம்புகள் தோலுக்கு அருகில் இருப்பது நம் நல்லூழ். மூன்று, நான்கு செண்டிமீட்டர் ஆழம் வரை பார்க்க முடிந்தால் போதும்.

சோதனையில் அச்சப்பட ஒன்றுமில்லை. ஊசி இல்லை, மின்சாரம் இல்லை, எக்ஸ் கதிர் இல்லை. தோலின்மேல் குளிர்ந்த பசையைத் தடவுகிறார்கள். நடுவில் காற்று இருந்தால் ஒலி உட்புகாது என்பதற்காகவே அப்பசை. சோப்புக் கட்டியளவுள்ள முனைக்கருவி ஒன்றை மணிக்கட்டிலிருந்து மேல்நோக்கி மெல்ல நகர்த்திச் செல்கையில் திரையில் நரம்பின் குறுக்குவெட்டுத் தோற்றம் தெரிகிறது. பழகாதவருக்கு அது சாம்பல்நிற மணற்பரப்பாகவே இருக்கும். பழகியவர் அதில் ஒரு தேனடையைக் காண்பார்: கருமையான சிறு அறைகள், அவற்றைச் சூழ்ந்து வெண்மையான சுவர்கள். அறைகள் நரம்பிழைக் கற்றைகள்; சுவர்கள் அவற்றைக் கட்டும் இணைப்புத் திசு. அருகிலுள்ள தசைநாரும் இதுபோலவே தோன்றி ஏமாற்றும். ஆனால் விரலை மடக்கச் சொன்னால் தசைநார் சரசரவென்று ஓடும், நரம்பு பெரும்பாலும் தன்னிடத்திலேயே நிற்கும். ரத்தக் குழாயோ துடிப்பால் தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும்.

பிறகு அந்தத் தேனடையின் ஓரத்தைத் திரையில் கோடிட்டுச் சுற்றினால் கருவியே அதன் பரப்பைச் சதுர மில்லிமீட்டரில் கூறிவிடுகிறது. சோதனையின் சாரம் இந்த ஓர் எண்ணில் அடங்கியிருக்கிறது.

எண் கூறும் செய்தி

எம். எம். என். நோயில் தற்காப்பு அமைப்பின் தாக்குதலுக்கு உள்ளான நரம்பு அங்கங்கே வீங்குகிறது. கற்றைகள் நீர்கோத்துப் பருக்கின்றன. தேனடையின் சில அறைகள் மட்டும் மற்றவற்றினும் பெரிதாகத் தெரிவதும் உண்டு. இவ்வீக்கம் மேற்கையிலும் கழுத்தடிப் பின்னலிலும், அதாவது மின்சோதனை தடுமாறும் அதே இடங்களில், நன்றாகக் காணப்படுவது நமக்குப் பேருதவி. நெதர்லாந்தின் யூட்ரெக்ட் நகர மருத்துவர்கள் 2017-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், முன்கையின் நடுவே ஓடும் மீடியன் நரம்பு முன்கையில் 10 சதுர மில்லிமீட்டருக்கும், மேற்கையில் 13-க்கும், கழுத்தடிப் பின்னலின் தண்டு ஏதேனும் ஒன்று 8-க்கும் மேற்பட்டிருந்தால் அழற்சி நோயை ஐயுறலாம் என வரம்பு கட்டினர். மணிக்கட்டையும் முழங்கையையும் அவர்கள் வேண்டுமென்றே விட்டுவிட்டதைக் கவனிக்க வேண்டும். அவ்விரண்டிடங்களிலும் நரம்பு குறுகிய வழியில் நெருக்குண்டு நலமுள்ளவருக்கும் சற்றுப் பருத்திருக்கும். உரலும் அம்மியும் திருப்புளியும் பிடித்த கைகளில் கேட்கவே வேண்டாம்.

ஏ. எல். எஸ். நோயில் இதற்கு நேர்மாறு. அங்கே நரம்பு பருப்பதில்லை; வழக்கமான அளவிலேயே இருக்கும், அல்லது சற்று மெலிந்திருக்கும். இயக்க இழைகளெல்லாம் அழியும்போது நரம்பு பாதியாகக் குறுக வேண்டாமோ என்று கேட்கலாம். முன்னர் நினைவில் வைக்கச் சொன்ன விவரம் இங்கேதான் பயன்படுகிறது: வடத்தில் பெரும்பகுதி உணர்வு இழைகள், அவை அந்நோயில் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. ஆகவே மெலிவைக் கொண்டு நோயைத் துணிய முற்படுவது அவ்வளவு நம்பத் தக்கதன்று. பருமன் இருக்கிறதா என்று தேடுவதே முறை. யூட்ரெக்ட் ஆராய்ச்சியாளர்கள் தொடர்ந்து செய்த ஆய்வில், மின்சோதனையில் அகப்படாமல் கேளா ஒலியில் மட்டும் அகப்பட்ட சில நோயாளிகள் சிகிச்சைக்கு இணங்கினர் என்பது 2020-இல் வெளியாயிற்று. ஒரு புதிய சோதனைக்கு இதனினும் சிறந்த நற்சான்று வேண்டுவதில்லை.

நரம்போடு தசையையும் இதே கருவியால் பார்க்கலாம். நலமுள்ள தசை திரையில் கருமையாகவும், சூம்பிக் கொழுப்பும் நாரும் ஏறிய தசை வெளுப்பாகவும் தெரியும். நம் தச்சரின் முன்கையில் கண்ட அந்தத் துடிப்பு தோலுக்கு அடியில் ஆழத்திலும் நிகழ்வதுண்டு. கண் காணாத அதனைத் திரை காட்டிவிடும். நாவிலும், தொடையிலும், முதுகிலும், வலுக்குறைவு இன்னும் தோன்றாத இடங்களிலும் துடிப்பு பரவலாக இருந்தால், நோய் ஒரு கையோடு நிற்கவில்லை என்பது விளங்கும். அது வருந்தத் தக்க செய்தியே. ஆயினும் ஐயத்தில் மாதக்கணக்கில் ஊரூராக அலைவதைவிட, மூச்சுக்கும் உணவுக்கும் வேண்டிய ஏற்பாடுகளைக் காலத்தே செய்துகொள்ள அது வழி செய்கிறது. துடிப்பு என்றவுடன் அஞ்சவும் வேண்டுவதில்லை. கண்ணிமையும் கெண்டைச் சதையும் களைப்பில் துடிப்பது யாவருக்கும் உள்ளது. வலுக்குறைவும் சூம்பலும் இல்லாத துடிப்புக்கு இந்நோய்களுடன் தொடர்பில்லை என்றே பெரும்பாலும் கூறலாம்.

நம் நாட்டில் முதலில் எண்ண வேண்டியது

வெளிநாட்டு நூல்களில் பருத்த நரம்பைக் கண்டால் என்னென்ன நோய்களை நினைக்க வேண்டும் என்று ஒரு வரிசை தரப்படுகிறது. இந்தியாவில் அவ்வரிசையின் தலையில் நிற்பது தொழுநோய். 2005 இறுதியில் பதினாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற இலக்கை நாடு எட்டியபோதிலும், 2022-23-இலும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட புதிய நோயாளிகள் கண்டுபிடிக்கப்பட்டனர். அந்நோய்க் கிருமி நரம்புக்குள்ளேயே குடிபுகுவது. முழங்கையின் உட்புறம் ஓடும் அல்னார் நரம்பு அதற்கு மிகவும் உகந்த இடம். முழங்கை சுவரில் இடித்துக்கொண்டால் மின்சாரம் பாய்ந்தாற்போல் சுண்டுவிரல் வரை ‘சுரீர்’ என்கிறதே, அந்நரம்புதான் அது.

தொழுநோய்ப் பணியாளர்கள் தலைமுறை தலைமுறையாக அந்நரம்பை விரலால் உருட்டிப் பார்த்துப் பருமனை மதிப்பிட்டு வருகிறார்கள். அவ்விரல்களின் திறமையை இக்கட்டுரை குறைத்துக் கூறாது. ஆனால் ஹைதராபாத்தில் 20 தொழுநோயாளிகளையும் 30 நலமுள்ளோரையும் கேளா ஒலியால் ஆராய்ந்து 2009-இல் வெளியிட்ட முடிவுகளில், விரலின் தீர்ப்பும் கருவியின் தீர்ப்பும் பல நரம்புகளில் ஒத்துப் போகவில்லை. அன்றியும், நரம்பு கடுமையாக அழற்சியுற்றிருக்கும் வேளையில் அதனுள் ரத்தவோட்டம் மிகுவதை டாப்ளர் முறை வண்ணத்தில் காட்டியது. விரல் உணர முடியாத செய்தி இது.

தச்சரின் கையைத் தொழுநோய்க் கையிலிருந்து பிரிப்பது உணர்ச்சியே. அவரைக் கண்ணை மூடச் செய்து, சுண்டுவிரலிலும் உள்ளங்கையிலும் பால்பாயிண்டுப் பேனாவின் முனையால் மெதுவாகத் தொட்டு, தொட்ட இடத்தைச் சுட்டிக்காட்டச் சொல்ல வேண்டும். அவர் தவறினால், அல்லது உடலில் உணர்ச்சியற்ற வெளிறிய தேமல் இருந்தால், தொலைவிலுள்ள பெரிய மருத்துவமனையை நாடுமுன் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவரை அனுப்புவதே தக்கது. தொழுநோய்க்கான பலமருந்துச் சிகிச்சை அங்கே இலவசமாகக் கிடைக்கிறது. மிக அரிய நோயைத் தேடும் ஆர்வத்தில் கண்ணெதிரே உள்ள நோயைத் தவறவிடுதல் கூடாது.

ஆசிரியர்கள் வேறொரு கையைச் சந்திக்கக் கூடும். பதினைந்து முதல் இருபத்தைந்து வயதுக்குட்பட்ட இளைஞர், பெரும்பாலும் ஆண், ஒரு கையின் விரல்களும் முன்கையும் மெல்ல மெலிந்து வருகின்றன. மார்கழிக் காலையில் பேனா பிடிக்க முடியாமல் விரல்கள் விறைக்கின்றன. வெயில் ஏறியதும் சற்றுத் தேறுகின்றன. கையெழுத்து கெட்டதற்காக அவர் வசவு வாங்கியிருப்பார். ஜப்பானிய மருத்துவர் ஹிரயாமா 1959-இல் விவரித்த இந்நோய் இந்தியாவில் அரிதன்று. தலையைக் குனியும்போது தண்டுவடம் நெருக்குண்பதே இதற்குக் காரணமெனக் கருதப்படுகிறது. சில ஆண்டுகள் வளர்ந்து, பிறகு தானே நின்றுவிடுவது இதன் இயல்பு. குனியாமல் காக்கும் கழுத்துப்பட்டை தொடக்கத்தில் உதவும். இங்கே கேளா ஒலி காட்டுவது பருக்காத நரம்பை மட்டுமே. உண்மையைக் காட்டுவது கழுத்தைக் குனிந்த நிலையில் எடுக்கும் எம். ஆர். ஐ. படம். இதனையும் ஏ. எல். எஸ். என்று தவறாக எண்ணிய குடும்பங்கள் வீணே துயருறும்.

சென்னை மருத்துவர்கள் மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், ராமமூர்த்தி ஆகியோர் 1970-இல் விவரித்த மற்றொரு வகையும் உண்டு. இளம் வயதில் தொடங்கி, முகமும் நாவும் தளர்ந்து, காது மந்தமாகி, மிக மெதுவாக வளரும் இது உலக நூல்களில் ‘மெட்ராஸ்’ வகை என்றே வழங்குகிறது. சூம்பிய கையுடைய இளைஞரிடம் காது எப்படிக் கேட்கிறது என்று ஒரு வார்த்தை கேட்பதற்கு எக்கருவியும் தேவையில்லை.

கருவியின் குறைகள்

எலும்புக்குப் பின்னால் கேளா ஒலி குருடு. முதுகெலும்பின் உள்ளே நரம்பு வேர்கள் எவ்வாறுள்ளன என்பதை அது கூறாது. நரம்பின் உருவத்தைக் காட்டுமே தவிர அதில் மின்துடிப்பு ஓடுகிறதா என்பதைக் காட்டாது. ஆகவே மின்சோதனைக்கு அது மாற்று அன்று, துணையே. பரம்பரையாக வரும் சில நரம்பு நோய்களிலும் வடங்கள் உடல் முழுவதும் ஒரே சீராகப் பருத்திருக்கும். சிகிச்சையால் வலு திரும்பிய பின்னும் நரம்பின் பருமன் ஆண்டுக்கணக்கில் அப்படியே நிற்பதுண்டு. எனவே மருந்து பலித்ததா என்பதற்குக் கைப்பிடியின் வலுவே சான்று, மில்லிமீட்டர் அன்று. எல்லாவற்றிற்கும் மேலாக, பரப்பைச் சுற்றிக் கோடிடுவது மனிதக் கை. முனைக்கருவியைச் சிறிது சாய்த்துப் பிடித்தால் வட்டம் நீள்வட்டமாகி எண் பெருத்துவிடும். பழகாதவர் அளந்த ஓர் எண்ணைக் கொண்டு ஒருவரின் தலைவிதியைச் சொல்வது அநியாயம்.

நம் நாட்டுக்கே உரிய ஒரு தடையும் இருக்கிறது. சிசுவின் பாலினத்தை அறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அதற்குப் பயன்படக் கூடிய கேளா ஒலிக் கருவி எதுவாயினும் பதிவு செய்யப்பட வேண்டும். நரம்பை மட்டுமே பார்ப்பவருக்கும் இதில் பெரிதும் விலக்கில்லை. கையடக்கமான கருவியைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகச் செல்லலாமே என்று தோன்றும். பெண் சிசுக்களைக் காக்க வந்த சட்டம் அதற்கு இடங்கொடாது. அச்சட்டத்தின் அவசியத்தை அறிந்தவர் எவரும் இதற்காக முணுமுணுக்க மாட்டார். ஆகவே கருவி கிராமத்துக்கு வருவதற்கில்லை. நோயாளிதான் கருவி இருக்குமிடம் செல்ல வேண்டும். நரம்பியல் துறையுள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளே அதற்குத் தக்க இடம்.

அவரை அனுப்பும் பணியாளர் கையில் கொடுத்தனுப்பும் சீட்டில் “கை பலவீனம்” என்று இரண்டே சொற்கள் எழுதினால் அங்குள்ளவருக்கு அது உதவாது. எந்த மாதத்தில் திருப்புளி நழுவிற்று, எப்போது பொத்தான் முடியாமற் போயிற்று, எந்த விரலில் தொடங்கியது, மற்றக் கைக்கு வந்ததா, பேச்சிலோ விழுங்குவதிலோ மாற்றமுண்டா, பேனா முனையைச் சரியாகச் சுட்டிக்காட்டினாரா, தேமல் இருக்கிறதா, குளிரில் அதிகமாகிறதா, ஸ்டெராய்டு மருந்து உட்கொண்டதுண்டா, உண்டெனில் அதன்பின் வலு குறைந்ததா என்பவற்றைத் தேதியோடு குறிக்க வேண்டும். வலக்கையா இடக்கையா என்பதைத் தெளிவாக எழுதுதல் நலம். சீட்டுகளில் பெரும்பாலும் விடுபட்டுப் போவது அதுதான்.